இரண்டு கட்டைகளுக்கு நடுவில்

லிவியு கதவைத் தட்டவில்லை. கோபமாக வருகிறவர்களுக்குக் கதவு கண்ணில் படுவதில்லை.

உள்ளே சம்ஃபிரா வயலினுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலை ஏழு மணிக்கு, புக்கரெஸ்ட் நகரத்து அரங்கில், லிவியு எழுதிய சொனாட்டா என்ற இசைப்படைப்பை முதன்முறையாக வாசிக்கப் போகிறார்கள். அவர் வயலின், அவன் பியானோ. அவனைவிட மூன்றே வயது மூத்தவர், ஆனாலும் அவர்தான் அவனுக்குக் குரு. அவனுக்கும் நாற்பது தாண்டிவிட்டது.

"நேற்றைய பேப்பர் பார்த்தீர்களா, மேடம்?"

"அதில்தான் மீன் கட்டி வந்தது. படித்தேன்."

"அந்த விமர்சகன் நம் ஒத்திகையை எட்டிப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறான். ருமேனிய ஒப்பாரிக்குப் பிரெஞ்சு சென்ட் பூசிவிட்டேனாம். பாரிஸில் படித்த எட்டு வருடமும் என்னை ஆட்டிடையன் என்றார்கள். இங்கே வந்தால் பிரெஞ்சுக்காரன் என்கிறார்கள். அந்த ஒப்பாரி என் அம்மா பாடியது, மேடம். அவள் சாகும்போது நான் பாரிஸில் இருந்தேன். அவளுக்கு ஒப்பாரி வைக்கக்கூட நான் வரவில்லை."

குரல் உடைந்தது. அதை மறைக்க, கையிலிருந்த தாள்களையும் பென்சிலையும் பியானோமேல் எறிந்தான்.

இரண்டாம் பகுதி முழுக்கச் சிவப்புக் கோடுகள். பாரிஸில் கற்ற பியானோ வேலைப்பாடு அத்தனையும் அடிபட்டிருந்தது. வரிக்கு ஒரு சுரம் தப்பித்திருந்தால் பெரிது.

"பிரெஞ்சு எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். இனி இதில் என் அம்மா மட்டும்தான்."

சம்ஃபிராவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு மாதம் விரல் தேய உழைத்த பக்கங்கள் அவை. ஆனால் அவர் குரலை உயர்த்தவில்லை.

"உட்கார். வெட்டியபடியே வாசி."

வாசித்தார்கள். வயலின் ஒப்பாரியைத் தொடங்கியது. எட்டாவது வரியில் அது மேலே ஏறி, பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில், எந்தக் கட்டையிலும் இல்லாத ஓர் இடத்தில் போய் நின்றது. கீழே பியானோவின் ஒற்றைச் சுரம் மொட்டையாக ஒலித்தது.

லிவியு கையை எடுத்துவிட்டான்.

"சுருதி விலகுகிறது, மேடம்."

"எங்கே?"

"அந்த மேல் சுரம். அபசுரமாக இருக்கிறது."

"அது உன் அம்மாவின் சுரம்" என்றார் சம்ஃபிரா. "அந்த இடத்தில் அவள் குரல் இப்படித்தான் வளையும் என்று நீதான் பாடிக் காட்டினாய். இம்மியளவும் மாற்றாமல் வாசித்தேன்."

லிவியுவின் முகம் வெளுத்தது.

"இப்போது வெட்டியதைச் சேர்த்து வாசி."

அவனுக்குத் தாள் தேவைப்படவில்லை. பெடலை அழுத்திக்கொண்டு, தூரத் தூர இருந்த சுரங்களை மெல்லத் தொட்டான். ஒன்று அடங்குவதற்குள் இன்னொன்று வந்து அதோடு கலந்தது. வயலின் மறுபடி மேலே ஏறி அதே இடத்தில் நின்றது. அதே விரல், அதே வளைவு. இந்த முறை அது விலகவில்லை. சிறுவயதில், கிராமத்துச் சாவு வீட்டில் அம்மா பாடிக் கேட்டது போலவே இருந்தது.

லிவியு நெடுநேரம் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை. பிறகு பிடிவாதம் திரும்பி வந்தது.

"இருந்தாலும் இது பாரிஸில் கற்றது. என்னுடையது இல்லை. நாளைக்கும் அவன் அதையேதான் எழுதுவான்."

சம்ஃபிரா வில்லைக் கீழே வைத்தார். பியானோமேல் கிடந்த சிவப்புப் பென்சிலை எடுத்து அவன் முன்னால் போட்டார்.

"எட்டு வருடம் பட்டினி கிடந்து கற்றது உன்னுடையது இல்லை. நேற்று பேப்பரில் படித்தது மட்டும் ஒரே நாளில் உன்னுடையதாகிவிட்டதா?"