அங்கப்பனை அத்துவிட்ட கிளி

வளத்தலாமுங்க, தாராளமா வளத்தலாம். வீட்டுல ஆசைப்படறாங்கன்னா கிளி வாங்கிக் குடுங்க, நான் வேண்டாம்ங்கல. ரெண்டு வயசு வரைக்கும் அதைப் போல சாதுவான சீவன் கெடையாது. அப்பறம் வயசுக்கு வரும். அங்கதான் வெனையே இருக்குது. நம்பலீன்னா எதுத்தாப்புல மாவு மில்லுல போய்க் கேளுங்க. வேண்டாம், அவனுக கிட்டக் கேட்டா பொழுது போயிரும், நானே சொல்லிப்போடறேன். பஞ்சர் ஒட்ட எப்படியும் நேரமாகும்.

மில்லுக்காரனுக அண்ணந்தம்பி மூனு பேரு. மூத்தவன் அங்கப்பன், நடுவன் சிகாமணி, சின்னவன் நாச்சிமுத்து. ஒருத்தனுக்கும் கல்யாணமாகல. தலையோட காலு மாவு படிஞ்சு மூனு பேரும் ஒரே மாதிரி இருப்பானுக, குளிச்சாத்தான் யாரு யாருன்னு தெரியும். நல்ல பசங்க. சொன்னதை அப்படியே செய்வானுக, அதுதான் தொந்தரவே. ஒருக்கா மொளகா அரைக்க வந்த ஒரு அம்மா, "சாமி, நெடி கண்ணுல ஏறும், பாத்து அரைப்பா"ன்னு சொல்லிப்போட்டுப் போச்சு. சிகாமணி கண்ணுக்குத் துணியக் கட்டிட்டு அரைச்சான். அரைச்சது வேற யாரோ வெச்சுட்டுப் போன கம்பு.

மில்லு மாடியில குடியிருந்த இஞ்சினியரு ஒருத்தரு மாத்தலாகிப் போறப்பக் கிளிய இவனுகளுக்குக் குடுத்துட்டாரு. சன் கான்யூர்னு வெளிநாட்டுச் சாதி. மஞ்சளும் செவப்புமா வாலோட சேத்து ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலதான் இருக்கும். தொண்டை மட்டும் மில்லு மோட்டாரை மிஞ்சும். நாலாவது தம்பி மாதிரின்னு கடைக்குட்டின்னு பேரு வெச்சானுக. அங்கப்பன் தோள்லயே கெடக்கும். யார் எடுத்தாலும் வரும், எதைக் குடுத்தாலும் திங்கும்.

ரெண்டு வருசம் ஆச்சு. ஒரு நாள் அங்கப்பன் பேப்பர் படிச்சுட்டிருக்கறப்ப, கடைக்குட்டி தலைய மேலயும் கீழயும் ஆட்டி, தின்ன பொட்டுக்கடலைய அவன் காதுக்குள்ள கக்கி வெச்சுது.

"அண்ணா, வாந்தி எடுக்குது"ன்னான் நாச்சிமுத்து.

"வாந்தின்னா ஓரமாப் போயி எடுக்காதா? எதுக்குக் காதுல எடுக்கோணும்?"

"மேலுக்குச் சுகமில்லாதவனுக்கு ஓரம் எது, காது எதுடா?"ன்னான் சிகாமணி.

ஓமத்தண்ணி குடுத்தானுக. அதைக் குடிச்சுட்டு இன்னொருக்காக் கக்குச்சு. இந்தத் தடவை ஓம வாசத்தோட.

அப்பறம் கடி ஆரம்பிச்சுது. சிகாமணி அண்ணனுக்கு டீ கொண்டாந்தா சிகாமணியக் கடிக்கும். நாச்சிமுத்து அண்ணங்கிட்டச் சில்லறை கேட்டா நாச்சிமுத்தக் கடிக்கும். அங்கப்பன் குளிக்கப் போனாக் கதவுக்கு வெளிய நின்னுட்டுப் புருசனைப் பறிகொடுத்தவ மாதிரி கத்தும். கழட்டிப் போட்ட சட்டைக்குள்ள பூந்துக்கும். பேப்பரை நாடா நாடாக் கிழிச்சு அங்கப்பன் காலர்ல சொருகும்.

அந்தச் சமயம் பாத்துத்தான் அங்கப்பனுக்கு ஒரு எடம் அமைஞ்சுது. அவனுக்கு நாப்பது தாண்டிப் போச்சுங்க. மூத்தவனுக்கு ஆகாம கீழ ரெண்டு பேருக்கும் ஆகாது. பொண்ணு பேரு துளசிமணி, பனியன் கம்பெனியில சூப்பர்வைசர். தாய்மாமன் மாரப்பன்தான் வளத்துனவரு. அவரு வர்ற ஞாயித்துக்கெழமை வீடு பாக்க வர்றதாச் சொல்லி விட்டுட்டாரு. இதுவும் தட்டிப் போச்சுன்னா, சிகாமணி வெக்கிற ரசத்தையே மூனு பேரும் ஆயுசுக்கும் குடிக்கோணும். அந்த ரசத்தை நானும் ஒருக்காக் குடிச்சிருக்கறேன். அதனால அவனுக வெசனம் எனக்குப் புரிஞ்சுது. "டாக்டருகிட்டக் காட்டுங்கடா"ன்னு சொன்னேன்.

மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனானுக. அங்க ஒரு டாக்டரம்மா, பொறுமைசாலி. பாத்துட்டுச் சிரிச்சுட்டாங்களாம்.

"இது நோய் இல்லீங்க. வயசு. உள்ள ஹார்மோன் சொரக்குது."

"அதை எடுத்துருங்க டாக்டரம்மா, நாங்க வெளிய நிக்கறோம்."

"எடுக்கறதில்லீங்க, அது தானா அடங்கும். இவரை அது ஜோடியா நெனச்சுக்கிச்சு. காதுல கக்கறது வாந்தி இல்ல, பாசமா ஊட்டி விடுது."

மூனு பேரும் அங்கப்பனைத் திரும்பிப் பாத்தானுக. அங்கப்பனும் ஒருக்காக் குனிஞ்சு தன்னையப் பாத்துக்கிட்டான்.

டாக்டரம்மா வெவரமாச் சொல்லி அனுப்புனாங்க. பொழுது உழுந்தா வெளிச்சம் ஆகாது, விடியற வரைக்கும் இருட்டு வேணும். கத்துனா மூஞ்சியத் திருப்பிக்கோணும், ஒரு வார்த்தை பேசக்கூடாது. தலைய மட்டும் தடவலாம், முதுகுல கை வெக்கப்படாது. பொந்து மாதிரி எதுவும் கண்ணுல படக்கூடாது, பட்டாக் கூடு கட்ட நெனைக்கும். கடைசியா, "நீங்க ஜோடி இல்லைன்னு அதுக்குப் புரிய வெய்யுங்க"ன்னு அங்கப்பன்கிட்டச் சொன்னாங்களாம். நல்ல புத்திமதிதான். யாருகிட்டச் சொல்றோம்னு அந்தம்மாவுக்குத் தெரியல, அவ்வளவுதான்.

மொதல்ல பொந்து. கொடத்து வாயில துணி அடைச்சானுக. ஜன்னலு, வெண்டிலேட்டரு, தண்ணிக் கொழாய் வாய் எல்லாத்தையும் அடைச்சானுக. சட்டைப் பையைத் தெச்சானுக. சிகாமணி வாயத் தொறந்துட்டுத் தூங்கறவன், அவன் வாய்க்குத் துண்டைக் கட்டுனானுக. அப்பறம் நாச்சிமுத்து கூண்டைச் சுத்திச் சுத்தி வந்தான்.

"அண்ணா, இதும் பொந்துதான?"

"ஆமாண்டா. பொந்துக்குள்ளயேல்ல குடி வெச்சிருக்கறோம்!"

கூண்டைத் தூக்கிப் பரண் மேல போட்டானுக. கிளி வீடு பூராச் சுத்த ஆரம்பிச்சுது.

முதுகுல கை வெக்கக் கூடாதுன்னா யாரு முதுகுல, யாரு கைன்னு டாக்டரம்மா சொல்லல. எதுக்கு வம்புன்னு மில்லுல ஒருத்தன் முதுகுல ஒருத்தன் மூட்டை ஏத்தி விடறதையே நிறுத்திட்டானுக. எல்லாம் தலைச்சுமைதான். வீட்டுக்கும் மில்லுக்கும் ஒரே மெயினு, பொழுது சாஞ்சா அதை ஆப் பண்ணிருவானுக. பாதி அரைச்ச கோதுமைய வாங்கிட்டுப் போன சனங்க, அந்த வாரம் சப்பாத்திக்குப் பதிலா உப்புமா கிண்டுச்சு.

எல்லாஞ் சரி, ஜோடி இல்லைன்னு எப்படிப் புரிய வெக்கறது? மூனு பேரும் கிளியத் தூக்கிட்டு இங்க என் கடைக்கு வந்தானுக.

"நீங்க ராப்பள்ளிக்கூடத்துல படிச்சவருங்ணா. நீங்களே அத்துவுட்டுருங்க"ன்னான் சிகாமணி.

"எதைடா?"

"அண்ணனையும் கடைக்குட்டியையும். துரும்பு கிள்ளிப் போட்டு முறையா அத்துவுட்டாத்தான அதுக்கும் புரியும்?"

பழைய காலத்துல பஞ்சாயத்துல அப்படித்தாங்க. புருசன் பொண்டாட்டி ஒத்துப் போகலீன்னா ஒரு துரும்பை ரெண்டாக் கிள்ளிப் போடுவாங்க, ஒறவு முடிஞ்சுது. நான் படிச்சது பத்தாவது. அதுல கிளிய அத்துவுடற பாடம் வரலைன்னு சொல்லிப் பாத்தேன். கேக்கல.

"கிளிப் பக்கம் பேச ஒரு ஆள் வேணுமே?"ன்னான் நாச்சிமுத்து.

"நான் பேசறேன்"னு சிகாமணி அந்தப் பக்கம் போயி உக்காந்தான். உக்காந்ததும் மொகமே மாறிப் போச்சு. "எங்க புள்ளைகிட்ட என்ன கொறையக் கண்டீங்க?"ன்னு அண்ணனைப் பாத்து ஒரு அதட்டு.

"காதுல கக்குது"ன்னான் அங்கப்பன்.

"பசியோட இருந்துட்டு உங்களுக்கு ஊட்டுது. அதுவா கொறை?"

அங்கப்பனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. ரெண்டு வருசம் தோள்ல தூக்கி வளத்துனவன் பாருங்க.

"அண்ணா, அது ஆணா பொண்ணான்னே தெரியலையே, எப்படி அத்துவுடறது?"ன்னு நாச்சிமுத்து இன்னொன்னை எடுத்தான். எறகு ஒன்னைப் பிடுங்கி டெஸ்டுக்கு அனுப்புனாத்தான் தெரியும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்களாம்.

"கட்டறப்பத்தான்டா அதெல்லாம் பாக்கோணும். அத்துவுடறதுக்கு என்ன?"ன்னான் சிகாமணி.

அதும் நாயந்தான்னு எனக்கே பட்டுது. வைக்கோல் ஒன்னை எடுத்துக் குடுத்தேன். அங்கப்பன் மூஞ்சியத் திருப்பிட்டு ரெண்டாக் கிள்ளிப் போட்டான்.

கடைக்குட்டி துள்ளி எறங்குச்சு. ரெண்டு துண்டையும் அலகுல கவ்வுச்சு. நேரா ஏறிப் போயி அங்கப்பன் காலருக்குள்ள சொருகி, நல்லா அமுக்கி விட்டுது.

"ஒத்துக்கலைங்குது"ன்னான் சிகாமணி. "இன்னொன்னு கிள்ளுங்க."

கிள்ளுனான். அதையும் சொருகுச்சு. விடாம ஒரு கத்தை வைக்கோல் கிள்ளுனான் அங்கப்பன். எல்லாத்தையும் அவன் சட்டைக்குள்ள வட்டமா அடுக்கி, நடுவுல உக்காந்து கண்ணை மூடிக்கிச்சு. நான் டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். "வைக்கோலா குடுத்தீங்க? கூடு கட்டற சாமானே அதுதானுங்களே!"ன்னு தலையில அடிச்சுக்கிட்டாங்க. அடிச்ச சத்தம் எனக்குக் கேட்டுது.

ஞாயித்துக்கெழமை பொழுதோட மாரப்பன் வந்தாரு, சம்சாரம் சாமியாத்தாளோட. கூடவே துளசிமணியும். "எனக்குத்தான கல்யாணம், நானே பாத்துக்கறேன்"னு வந்துருச்சாம். நான் இவனுக பக்கத்துப் பெரியவரா உக்காந்திருந்தேன். அங்கப்பன் குளிச்சு, புதுச்சட்டை போட்டு, ஆளு யாருன்னு தெரியறாப்புல இருந்தான். கிளி பரண் மேல.

மாரப்பன் செருமிட்டு, "மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் உண்டுங்களா?"ன்னாரு.

கடைக்குட்டி வீல்னு கத்துச்சு.

மூனு பேரும் டக்குன்னு எந்திரிச்சுச் சுவத்தைப் பாத்துத் திரும்பி நின்னுட்டானுக. மூச்சு விடல.

கத்தி ஓஞ்சதும் ஒன்னும் நடக்காத மாதிரி வந்து உக்காந்தானுக. மாரப்பன் மெதுவா, "இல்ல, எப்பவாச்சும் நல்லது கெட்டதுக்கு...?"ன்னாரு.

மறுபடி கத்துச்சு. மறுபடி சுவரு.

"குடிகாரன் கூட ஒரு பேச்சுக்கு இல்லம்பானே"ன்னு சாமியாத்தா என் காதைக் கடிச்சுது.

"சமையலு யாருங்க?"ன்னு கேட்டாரு. கத்துச்சு. சுவரு. அதுல மட்டும் பரவால்ல, பதில் சொல்லாததே நல்லதாப் போச்சு.

நான் வெவரம் சொல்ல வாயத் தொறந்தேன். அதுக்குள்ள பொழுது உழுந்துருச்சு. நாச்சிமுத்து கடமை தவறாதவன், போயி மெயினை ஆப் பண்ணிட்டான். ஜன்னலு, வெண்டிலேட்டரு எல்லாம் ஏற்கனவே அடைச்சாச்சு. கும்மிருட்டு. கிளி பறக்கற சத்தம், டம்ளர் உருள்ற சத்தம், "அய்யோ மாமோவ்"னு சாமியாத்தா சத்தம்.

தட்டுத் தடவி நாந்தான் மெயினைப் போட்டேன். பாத்தா, கடைக்குட்டி மாரப்பன் தோள்ல உக்காந்திருக்குது. துண்டுக்குள்ள பாதி ஒடம்பு. தலைய மேலயும் கீழயும் ஆட்டிட்டு அவரு காதுல ஊட்டிட்டிருக்குது. சாமியாத்தா தட்டி விடக் கையக் கொண்டு போச்சு, வெடுக்குன்னு கடிச்சுப்போட்டுது.

"என்னுங்க இது?"ன்னாரு மாரப்பன், அசையாம.

"பாசமா ஊட்டி விடுதுங்க"ன்னான் அங்கப்பன். "உங்களை ஜோடியா நெனச்சுக்கிச்சு."

மாரப்பன் காதைத் தடவிப் பாத்துக்கிட்டாரு. "கண்ணாலமாகி இத்தனை வருசத்துல எனக்கு யாரும் ஊட்டி விட்டதில்லீங்க"ன்னாரு.

சாமியாத்தா எந்திரிச்சுது. "கெளம்பு அம்மிணி. இது வீடா? கேட்டாப் பதிலில்ல, வெளக்கில்ல, புருசனுக்குப் பாதுகாப்பில்ல."

அங்கப்பன் மொகம் மறுபடி மாவு பூசுன மாதிரி ஆயிருச்சு. முடிஞ்சுதுன்னுதான் நானும் நெனச்சேன். சிகாமணி குறுக்க வந்து கும்பிட்டான்.

"எங்க வீட்டுதை உங்க வீட்டுக்குக் குடுத்தாச்சுங்க. முறைப்படி உங்க வீட்டுப் பொண்ணு எங்க வீட்டுக்கு வரோணும். பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கறதுதான?"

"கடைக்குட்டியத் தம்பின்னுதானடா வளத்துனோம்?"ன்னான் நாச்சிமுத்து.

"கட்டிக் குடுத்துட்டாப் பொண்ணுதான். சும்மாரு."

துளசிமணி இப்பக் கேட்டுச்சு: "ஏனுங்க, கத்துனா நீங்க எதுத்துப் பேச மாட்டீங்களா?"

"மாட்டமுங்க. டாக்டர் சொல்லியிருக்கறாங்க"ன்னான் அங்கப்பன்.

"யாரு கத்துனாலும்?"

"கிளின்னு சொன்னாங்க. ஆனா மத்தவங்களுக்கு எதுத்துப் பேசுங்கன்னும் சொல்லலீங்களே"ன்னான் நாச்சிமுத்து.

"அத்தை, கம்பெனியில நாளெல்லாம் கத்தறேன், ஒருத்தனாவது வாய மூடிக் கேக்கறானா? இங்க பாருங்க, எந்திரிச்சு நின்னு கேக்கறாங்க. எனக்குச் சம்மதம்"னுது துளசிமணி.

அன்னைக்கே வெத்தலை பாக்கு மாத்தியாச்சுங்க. கண்ணாலம் வர்ற தை மாசம். மாரப்பன் கிளியத் தோள்ல வெச்சுட்டு முன்னால போனாரு, சாமியாத்தா கடி எட்டாத தூரத்துல பின்னால போச்சு. நான் சொல்ல வந்தது என்னன்னா, கிளி வளத்துங்க, ஆனா டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னால...

ஏண்டா நாச்சிமுத்து, கத்தாத, கேக்குது!

"அண்ணோவ்! மாரப்ப மாமனும் கடைக்குட்டியும் பஸ்ஸை விட்டு எறங்கிட்டாங்க! பொண்ணு மாப்பிள்ளை மொதல் தடவை மறுவீடு வர்றாங்க, ஆரத்தி சுத்த ஆளில்ல! உங்க வீட்டு அக்காவக் கூப்பிட்டா, கிளி கடிக்கும்னு வர மாட்டேங்கறாங்க! நீங்கதான் வரோணும்!"

வந்தாச்சுடா, இரு!

டியூப்பு காயட்டுமுங்க, நீங்க உக்காருங்க. அப்பறம், உங்க ஹெல்மெட்டை ஒரு நிமிசம் குடுங்க. கண்ணாடி முழுசா எறங்குமில்ல?