கிடைக்காத ஜோடித்துகள்

பேராசிரியர் தவமலரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தபோது தணிகாசலத்துக்கு ஐம்பது வயது. ஆசிரியர் அவரைவிட எட்டு வயது இளையவர்.

நமக்குத் தெரிந்த ஒவ்வொரு துகளுக்கும் கனமான ஒரு ஜோடித்துகள் இருக்கலாம் என்கிறது ஒரு கோட்பாடு. யாரும் கண்டதில்லை. நிலத்தடிச் சுரங்கத்தில் புரோட்டான் கற்றைகளை எதிரெதிரே மோதவிட்டு, சிதறியவற்றுக்குள் அப்படி ஒரு துகளை ஆறு வருடம் தேடினார் தணிகாசலம்.

கிடைக்கவில்லை.

கட்டுரை அச்சுக்குப் போகவிருந்த காலையில் ஆசிரியரின் அறைக்கு வந்தார்.

“என் பேரை எடுத்துடுங்க மேடம். நான் ஊருக்குப் போறேன்.”

“ஏன்?”

“காலேஜ் வேலையை விட்டுட்டு வந்தவன். என்ன கண்டுபிடிச்சேன்னு கேட்டா என்ன சொல்றது? இந்த எடை வரைக்கும் அது இல்லைன்னா?”

தவமலர் ஒரு கடிதத்தை அவர் பக்கம் நகர்த்தினார். கட்டுரையின் முன்வரைவைப் படித்த வேறொரு நாட்டு ஆய்வுக்குழு எழுதியது. ‘நாங்களும் அங்கேதான் தேடவிருந்தோம். உங்கள் முடிவைப் பார்த்தபின், அதைவிடக் கனமான இடத்தில் தொடங்குகிறோம். மிக்க நன்றி.’

“மரியாதைக்குச் சொல்றாங்க” என்றார் தணிகாசலம்.

“இருங்கோ.”

அவர் உட்கார்ந்தார்.

“எங்கட ஊர் வன்னி. சண்டை முடிஞ்சு திரும்பிப் போனா, எங்கட வீட்டு வளவுக்குள்ளயே கால் வைக்க விடேல்லை. கண்ணிவெடி இருக்கலாம் எண்டு சிவப்புப் பலகை நட்டிருந்தினம். ரெண்டு பொம்பிளையள் வந்து, வெயிலுக்குள்ள முழங்காலில இருந்து, சாண் சாணாத் தேடிச்சினம். ரெண்டு மாசம்.”

“எத்தனை எடுத்தாங்க?”

“ஒண்டும் இல்லை.”

தணிகாசலம் கடிதத்தை மடித்து மேசையில் வைத்தார்.

“அந்தப் பொம்பிளையள் பலகையைக் கழட்டின அண்டைக்கு, அம்மா அவையின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதா. எங்களிட்ட இருந்த ஒரே கோழியைச் சமைச்சுக் குடுத்தா.”

“ஒண்ணுமே எடுக்காதவங்களுக்கா?”

“என்ர அக்காவின்ர மகளுக்கு அப்ப அஞ்சு வயசு. பிறந்ததில இருந்து, ‘ஓடாத’ எண்டு சொல்லித்தான் அவளை வளர்த்தனாங்கள். அண்டைக்குப் பின்னேரம் அவள் அந்த வளவு முழுக்க வெறுங்காலோட ஓடினாள்.”