ஒத்தை இருவாச்சி

ஒரு மலைநாட்டுல ஒரு ராசா இருந்தாராம். அவருக்கு ஒரு மந்திரி. மலைக்காட்டை வெட்டிச் சாய்ச்சு, நூறு தூண் வச்சுத் தனக்கொரு மாளிகை கட்டிக்கணும்னு அவனுக்கு ஆசை. ஆனா இருவாச்சிப் பறவை குடும்பம் நடத்துற காட்டுல கோடாலி விழக்கூடாதுன்னு அந்த நாட்டுல ஒரு கட்டளை. இருவாச்சி தெரியுமில்ல? பெரிய மஞ்ச அலகு, அது பறந்தா காடே புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடும்.

"அதெல்லாம் எப்பவோ அழிஞ்சு போச்சு"ன்னு மந்திரி ராசாகிட்ட சொல்லிட்டான். இது தேன் எடுக்கிற நஞ்சி காதுல விழுந்துச்சு. அவளுக்குச் சோறு போடுறதே அந்தக் காடுதான். நேரா அரமனைக்குப் போயி, "நான் பாத்திருக்கேன் சாமி, வாங்க காட்டுறேன்"னா.

மொத நாள் போனாங்க, ஒரு பறவை வந்துச்சு. ரெண்டாம் நாள் போனாங்க, அதே ஒரு பறவை. மூணாம் நாளும் போனாங்க, அப்பவும் ஒண்ணுதான். மந்திரிக்கு வாயெல்லாம் பல்லு. "ஒத்தைச் சேவல் எங்கிட்டுக் குடும்பம் நடத்தும்? நாளைக்கே வெட்டலாம் ராசா"ன்னான். பொட்டை இருக்கிற எடம் நஞ்சிக்குத் தெரியும். சொன்னா இந்தப் பாவி என்ன பண்ணுவானோன்னுதான் மூணு நாளா வாயத் தொறக்கல.

"கூட்டுல யாரும் கை வைக்கமாட்டோம்னு வாக்குக் குடுங்க சாமி, சொல்றேன்"னா. ராசாவும் குடுத்தாரு.

"சேவல் அலகுல அத்திப்பழம் இருந்துச்சே, அதத் தின்னுச்சா?"

ராசா யோசிச்சாரு. "இல்ல, கொண்டுபோச்சு."

"யாருக்கு? அந்தா, அது போயி ஒக்காந்த மரத்துப் பொந்துல பொட்டை இருக்குங்க சாமி. வாசலப் பூசி அடைச்சுக்கிட்டு அடை காக்குது. ஒரு கீறல்தான் விட்டிருக்கு, அது வழியாத்தான் புருசன் ஊட்டுறான்."

"பொய்யி, வெறும் பொந்து"ன்னு மந்திரி, நஞ்சியோட கொடியேணியில தொப்பையத் தூக்கிக்கிட்டு ஏறுனான். "கை வைக்காதய்யா"ன்னு ராசா கீழருந்து சொல்லச் சொல்ல, கீறலுக்குள்ள வெரல விட்டான். உள்ளருந்து புடிச்சுச்சு பாரு ஒரு கடி. "இருக்கு ராசா, இருக்கு, இருக்கு"ன்னு அவன் வாயாலயே மூணு தடவ கத்துனான்.

ராசா சிரிச்ச சிரிப்பு அடுத்த மலைக்குக் கேட்டுச்சாம். வாக்க மீறுனவனுக்கு மந்திரி வேலை போச்சு. குஞ்சு வெளிய வர்ற வரைக்கும் அந்த மரத்தடியில காவல் நில்லுன்னுட்டாரு. பொட்டை என்ன செய்யும்? எச்சத்த அந்தக் கீறல் வழியாத்தான் வெளிய பீச்சும். அது அத்தனையும் இவன் தலையில.

அப்புறம் ஒரு நாள் பொந்தோட அடைப்பு ஒடைஞ்சு, அப்பன் ஆத்தா குஞ்சுன்னு மூணும் சேந்து பறந்துச்சு. காட்ட வெட்டக் கொண்டாந்து வச்சிருந்த கோடாலியெல்லாம் வந்த வழியே திரும்பிப் போச்சு. நஞ்சி சந்தோசம் தாங்காம அழுதா, சிரிச்சா, மறுபடியும் அழுதா.

அதுங்க காட்டுல சொகம், நாம பாயில சொகம்.