மிச்சமிருந்த வெற்றிலை

பாலாற்றங்கரை மடத்தில் தீட்சை வாங்கினால் புதுப் பேர் கிடைக்கும். அதற்கு முதல் நாள், மடத்தில் தன்னோடு பந்தியில் சாப்பிட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், ஒவ்வொருவரையும் பேர் சொல்லி அழைத்து, வெற்றிலை பாக்கு வைத்துவிட்டு வர வேண்டும். அந்த மடத்து வழக்கம் அது.

தணிகாசலத்துக்கு வயது ஐம்பத்தெட்டு. கோர்ட்டில் டவாலியாக இருந்து, வராந்தாவில் நின்று பேர் கூப்பிட்டே காலம் போனவர். மடத்துக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. தீட்சை கொடுக்கும் மடத்து அம்மா அவரைவிட இருபது வயது சின்னவர். அதில் அவருக்குக் குறையில்லை. தீட்சைக்குக் காத்திருந்ததில்தான் உடம்பு அலுத்துப் போயிருந்தது.

காலையிலேயே தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஆண்கள் பேரெல்லாம் தெரியும். மாவு மில் ஏகாம்பரம் வீட்டில்தான் முதல் தடுமாற்றம்.

"நாளைக்கு அவசியம் வரணும், ஏகாம்பரம். உங்க வீட்டம்மாவும் வரணும். அவங்க பேரு?"

ஏகாம்பரம் தலையைச் சொறிந்தார். "ஏய்னே பழகிடுச்சு சாமி. இருங்க... தில்லைநாயகி."

உள்ளே அம்மியில் அரைக்கிற சத்தம் சட்டென்று நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி கேட்டது.

வெயில் ஏறிவிட்டது. தட்டில் ஒரே ஒரு வெற்றிலை மிச்சம். அது மடத்தில் அண்டா தேய்க்கிறவளுக்கு. கடைசிப் பந்தியில் தினமும் அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவள். "இந்தா, வாளியை எடு." "இந்தா, தள்ளி உட்காரு." அவளிடம் பேச அவருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்பட்டதில்லை.

எதிர்க்கரைத் தெருவில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவனைக் கேட்டார்.

"அண்டா தேய்க்கிறவ வீடு எதுப்பா?"

"இந்தத் தெருவுல எல்லாரும் எங்கயாவது தேய்க்கிறவங்கதான். பேரு?"

"கறுப்பா, ஒல்லியா..."

"நல்லா அடையாளம் சொன்னீங்க போங்க."

தெருவை இரண்டு தடவை நடந்தார். மூன்றாவது தடவை அவளே தண்ணீர்க் குடத்தோடு எதிரே வந்தாள்.

"இந்தா," என்றார் பழக்கத்தில். அப்புறம், "உன் பேரு என்ன?"

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். முகம் மாறிவிட்டது.

"என்ன காணாம போச்சு சாமி?"

"ஒண்ணும் போகலை. பேருதான் கேட்டேன்."

"நேத்து எல்லாத்தையும் கவுத்து வச்சிட்டுத்தான் வந்தேன். கரண்டியெல்லாம் அம்மா கையில குடுத்தேன். வேணும்னா கேட்டுப் பாருங்க."

"நாளைக்கு எனக்குத் தீட்சை. பேர் சொல்லித்தான் அழைக்கணும். சொல்லிடேன், கால் வலிக்குது."

அவள் தட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"எனக்கும்தான் வலிக்குது. இந்தான்னே கூப்பிடுங்க. வந்துடறேன். இத்தனை நாள் வரலியா?"

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அவர் திரும்பி வந்தபோது அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தட்டை வாங்கிப் பார்த்தார்.

"ஒண்ணு மிச்சம் இருக்கே."

"அண்டா தேய்க்கிறவளோடது. பேர் சொல்ல மாட்டேங்கறாம்மா. நீங்களே சொல்லிடுங்க. இன்னொரு நடை போய் வச்சிட்டு வந்துடறேன்."

"என்னன்னு கேட்டீங்க?"

"உன் பேரு என்னன்னு கேட்டேன்."

"உங்க பேரைச் சொன்னீங்களா?"

"என் பேரு அவளுக்கு எதுக்கும்மா? அவளுக்கு நான் சாமி."

"அப்ப அவங்களுக்கு உங்க பேரு தெரியாது."

"தெரியாதுன்னுதான் நினைக்கிறேன்."

அம்மா கீரையிலிருந்து ஒரு புல்லை எடுத்து ஓரமாகப் போட்டார்.

"எதிர்ல உக்காந்து சாப்பிடறவங்ககிட்ட இருக்கிற பேரையே இன்னும் சொல்லலை. புதுசு வாங்கி யாருகிட்ட சொல்லப் போறீங்க, தணிகாசலம்?"