பாதமில்லாத பெருமாள்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. மலையைக் குடைந்து பெருமாளுக்குக் கோயில் எடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. விகடகவி பிச்சாண்டான் கைகாட்டிய சிற்பி சாத்தனிடமே வேலையை ஒப்படைத்தார். அது மந்திரி குணவீரருக்குப் பொறுக்கவில்லை. வயிற்றெரிச்சல், வேறென்ன!

ஒருநாள் ராஜா, பெருமாள் பாதத்தில் பூப்போட ஒரு தட்டுத் தாமரையோடு, மந்திரியையும் பிச்சாண்டானையும் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனார். போய்ப் பார்த்தால் கிரீடம் இருக்கிறது, முகம் இருக்கிறது, மார்பு இருக்கிறது. அதற்குக் கீழே வெறும் பாறை!

"பார்த்தீர்களா பிரபு?" என்றார் மந்திரி. "அஸ்திவாரம் போடாமல் கூரை வேய்கிறவன் உண்டா? இவன் தலையிலிருந்து தொடங்கியிருக்கிறான். காலில்லாத சாமி நாட்டுக்கு ஆகுமா? முதலில் பாதம், பிறகுதான் மற்றதெல்லாம்!"

சாத்தன் வாயைத் திறப்பதற்குள் ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "பொழுது சாய்வதற்குள் இங்கே பாதம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உன் கட்டைவிரல் இருக்காது!"

சாத்தனைப் பார்க்கப் பிச்சாண்டானுக்குப் பாவமாகப் போய்விட்டது. தன்னை நம்பி வந்தவன் அல்லவா? மேலே சாரத்தைப் பார்த்தான், கீழே சிதறிக் கிடந்த கற்சில்லுகளைப் பார்த்தான், கடைசியில் மந்திரியின் வெறுங்காலைப் பார்த்தான்.

"மகாராஜா, இங்கே பாதம் இருக்க வேண்டும், அதுதானே உத்தரவு? பொழுது சாயும்வரை எதற்கு? யோசனை சொன்னவரின் பாதமே இருக்கிறதே! மந்திரியாரே, பெருமாளுக்கு நேர் கீழே வந்து நில்லுங்கள். அசையக் கூடாது!"

ராஜாவும் தலையசைத்துவிட்டார். மந்திரி திருதிருவென்று விழித்துக்கொண்டே போய் நின்றார்.

"ஓய் சாத்தா, பாதம் வந்தாயிற்று. நீ மேலே ஏறி மிச்சத்தைப் பார்!"

சாத்தன் சாரத்தில் ஏறி உளியைத் தட்டினான். முதல் சில்லு மந்திரியின் பெருவிரலில் விழுந்தது. "ஐயோ!" அடுத்தது புறங்காலில். அது கொஞ்சம் பெரிசு. மந்திரி ஒற்றைக்காலில் குதித்தார்.

"நிறுத்தடா பாவி! மேல்வேலை முடியுமுன்னே கீழே பாதத்தை வைத்தால் உடையாதா? இதுகூடவா தெரியாது உனக்கு?"

பிச்சாண்டான் கைகூப்பினான். "சாத்தன் இதைத்தான் சொல்ல வந்தான், பிரபு. மந்திரியார் முந்திக்கொண்டார்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சாத்தா, உன் விரல் உன்னிடமே இருக்கட்டும். பாதம் வரும்போது வரட்டும்" என்று தாமரையைப் பாறையடியிலேயே வைத்தார். தம் காலிலிருந்த பொற்கழலைக் கழற்றிப் பிச்சாண்டானிடம் நீட்டினார்.

அவன் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "எனக்கு இது போதும், மகாராஜா. மந்திரியாருக்கு ஒரு பல்லக்கு மட்டும் சொல்லிவிடுங்கள். இன்றைக்கு இங்கே காலில்லாதவர் அவர்தான்!"