அங்கயற்கண்ணி கேட்ட கேள்வி

"என் பெண்டாட்டி குரலை எவனோ விக்கான், டீச்சர்."

வந்ததும் வராததுமாகத் தனுஷ்கோடி சொன்னது இதைத்தான்.

ஜெபக்கனி டீச்சர் ஒரு நாற்காலியைத் தடவிப் பார்த்து அவர் பக்கம் நகர்த்தினார். டீச்சருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பாளையங்கோட்டையில் பார்வையற்றவர்களுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறார். தனுஷ்கோடியைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் ரிட்டையர் ஆன பிறகு தனுஷ்கோடி நிரல் எழுதப் படித்தது இவரிடம்தான்.

படித்ததை வைத்து அவர் உருப்படியாகச் செய்தது ஒன்றே ஒன்று. திரையில் இருக்கும் தமிழை வாசித்துக்காட்டும் மென்பொருள்.

குரல் அவர் மனைவி அங்கயற்கண்ணியுடையது. ஆறு மாதம் உட்கார்ந்து பேசிக்கொடுத்தாள். அந்த வருஷமே போய்ச் சேர்ந்தாள்.

"யாரும் எடுத்துக்கலாம், என்னவும் செய்துக்கலாம்" என்று ஒற்றை வரியில் உரிமம் எழுதி, மென்பொருளை இணையத்தில் இலவசமாக விட்டார் தனுஷ்கோடி. மனுஷனுக்கு அவ்வளவு வெள்ளை மனசு.

இப்போது ஒரு கம்பெனி பெயரை மாற்றி, பெட்டியில் போட்டு விற்கிறது.

"உரிமத்தை மாத்தப் போறேன். என்னன்னு எழுத, டீச்சர்?"

"உங்க மனசுல என்ன இருக்கோ, அதை எழுதுங்க அண்ணாச்சி."

"எவனும் விக்கக் கூடாது. இதை வச்சு ஒத்தப் பைசா வாங்கக் கூடாது."

"எழுதுங்க."

"சரியா வருமா?"

"எழுதி வெளியிடுங்க. ஒரு வாரம் கழிச்சு வாங்க. வந்த கடிதத்தை எல்லாம் கொண்டாங்க."

ஒரு வாரம் கழித்து வந்தார்.

"ஒரே ஒரு கடிதம்தான் டீச்சர். நான் திறக்கவே இல்ல. திட்டியிருப்பான்."

டீச்சர் அந்த மின்னஞ்சலைத் தன் கணினியில் திறந்தார். அங்கே எல்லாவற்றையும் வாசிப்பது அங்கயற்கண்ணிதான். இதையும் அவளே வாசித்தாள்.

"ஐயா, வணக்கம். நான் சாத்தூர் மாடசாமி. எனக்கும் பார்வை இல்லை. இந்த அம்மாவின் குரலை ஊர் ஊராகப் போய் என்னைப் போன்றவர்களுக்குக் கணினியில் போட்டுக்கொடுக்கிறேன். பஸ் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் வாங்கிக்கொள்வேன். இனி யாரும் பைசா வாங்கக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். ஏற்கெனவே வெளியான பழைய பிரதிக்கு அது செல்லாது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். ஆனாலும் உங்களுக்குப் பிடிக்காததைச் செய்ய மனசு வரவில்லை. இன்றோடு நிறுத்திவிட்டேன். பதினோரு பேர் காத்திருக்கிறார்கள். அவர்களிடம் நான் என்ன சொல்ல?"

குரல் நின்றது.

தனுஷ்கோடி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவள் போய் எட்டு வருஷம் ஆகிறது.



டீச்சர் கேட்டார். "கம்பெனிக்காரன் நிறுத்திட்டானா?"

"அவன் எங்க நிறுத்துதான்? பழைய பிரதியை வச்சு நேத்தும் வித்திருக்கான். என்னால ஒண்ணும் செய்ய முடியாதாம்."

டீச்சர் விசைப்பலகையை மெல்ல அவர் பக்கம் தள்ளினார்.

"மதினி கேக்காங்கல்லா. பதில் சொல்லுங்க அண்ணாச்சி."