மாசிலாமணியின் முதல் வெண்டைக்காய்

மாசிலாமணிக்கு அறுபது தாண்டிவிட்டது. ஊரில் பாதிக் கட்டடங்கள் அவர் கட்டியவை. அதை அவர் வாயால் கேட்காமல் யாரும் அவரிடமிருந்து தப்பியதில்லை. ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சு அவருக்கே சலித்துப்போய், தொழிலை விட்டுவிட்டு ஆற்றங்கரை மடத்துக்கு வந்து சேர்ந்தார். மடத்தின் தலைவி தையல்நாயகி அம்மாவுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும்.

“அம்மா, என் கர்வம் போகணும். ஒரு வழி சொல்லுங்க.”

அம்மா ஒரு கை வெண்டை விதையை அவரிடம் கொடுத்தார். கிணற்றடியில் சும்மா கிடந்த ஒரு துண்டு நிலத்தைக் காட்டினார்.

“இதை முளைக்க வையுங்க.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

மாசிலாமணி கடப்பாரை கேட்டு வாங்கினார். முழங்கை ஆழத்துக்குக் குழி எடுத்து, குழிக்கு ஒரு விதை போட்டு, மண்ணைத் தள்ளி நன்றாக மிதித்து இறுக்கினார். அஸ்திவாரம் பலமாக இருந்தால்தான் எதுவும் நிற்கும் என்பது அவர் தொழில் சொல்லிக்கொடுத்த பாடம். மடமே ஆவலாகப் பார்த்திருந்தது. ஒன்றுகூட முளைக்கவில்லை.

அம்மா வந்து பார்த்தார். சிரிப்பை அடக்க அவர் முயலவே இல்லை.

“விதைக்கு ஒரு போர்வை போதும் ஐயா. நீங்க அது தலைமேல மாடியே கட்டிட்டீங்க.”

மாசிலாமணி மறுபடி விதை வாங்கினார். இந்த முறை விரலால் மண்ணைக் கிளறி, மேலாகத் தூவினாற்போல் மூடினார். முளைத்தது. இலை விட்டது. மஞ்சளாகப் பூத்தது. ஒருநாள் காலையில், பூ உதிர்ந்த இடத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு காய் நின்றது.

மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை. பால் ஊற்ற வந்தவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார். பால்காரர் போன பிறகுதான் திக்கென்றது. எதைத் தொலைக்க வந்தாரோ, அது இங்கேயும் கூடவே வந்திருக்கிறது. அம்மாவுக்குத் தெரிந்தால் மடத்தில் இருக்கவிடுவாரா? இந்த இடத்தை விட்டுப் போக அவருக்குத் துளியும் மனமில்லை.

ஒரு பெரிய கூடையைக் கவிழ்த்து அந்தச் செடியை மறைத்தார். இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. அதற்குமேல் முடியவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு அம்மா முன்னால் போய் நின்றார்.

“உத்தரவு கொடுங்க அம்மா. நான் கிளம்புறேன்.”

“ஏன்?”

“பெரிய மண்டபம் கட்டித் திறந்த அன்னைக்குக்கூட எனக்கு இவ்வளவு கர்வம் வரல. ஒரே ஒரு வெண்டைக்காய் அம்மா! பூரிச்சுப் போறேன். நான் தேறமாட்டேன்.”

“காய் எங்க?”

“கூடை போட்டு மூடிட்டேன்.”

அம்மா பதறி எழுந்தார். “வெயில் வேண்டாமா அதுக்கு?”

விறுவிறுவென்று நடந்துபோய்க் கூடையைத் தூக்கினார். இலைகள் துவண்டு தொங்கின. அம்மா மண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

“தண்ணியும் ஊத்தலையா?”

மாசிலாமணி மூட்டையை அப்படியே கீழே போட்டுவிட்டுக் கிணற்றுக்கு ஓடினார். இழுத்து இழுத்து ஊற்றினார். சத்தம் கேட்டு மடத்து ஆட்கள் வந்து சுற்றி நின்றார்கள்.

“எல்லாரும் பாருங்க,” என்றார் அம்மா. “நம்ம ஐயா காய்க்க வச்சது.”

மாசிலாமணியின் முகம் மலர்ந்தது. உடனே தலையைக் குனிந்துகொண்டார்.

“மறுபடி வருது அம்மா.”

“வரட்டும்.”

“அப்போ அது போகவே வேண்டாமா?”

அம்மா காலிக் குடத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“நாளைக்கும் தண்ணி இழுக்கணுமே ஐயா. கொஞ்சமாவது கர்வம் இல்லேன்னா குடம் கனக்கும்.”